பதினைந்து அம்பியருக்குள் ஒரு மலை

முதலில் ஒரு மெல்லிய முனகல். வண்டு என்று நினைப்பேன். வண்டு இல்லை. நிலாவெளியில் என் வீட்டு வேலிக்கு அப்பால், உல்லாசப் பயணிகள் வாடகைக்கு எடுத்த மின்சார ஸ்கூட்டர் ஒன்று தார் வீதியிலிருந்து மணல் ஒழுங்கைக்குள் திரும்புகிறது. அதுவரை உச்சத்தில் பாடிக்கொண்டு வந்த மோட்டார், மணலில் சில்லுப் புதைந்ததும் குரலைத் தாழ்த்தும். சுமை ஏற ஏறச் சுருதி இறங்கும். எழுதிக்கொண்டிருந்தால் பேனையை வைத்துவிடுவேன். தேநீர் குடித்துக்கொண்டிருந்தால் கோப்பையோடு வேலிப் படலையடிக்குப் போய் நிற்பேன். அந்தக் குரல் தாழ்கிற இடத்தில் எனக்கு ஒரு மலை தெரியும். மலை வீதியில் ஒரு சக்கரக் கதிரை. கதிரையில், காற்றுக்கு முந்தானையைக் கொடுத்துவிட்டு, காதை மட்டும் மோட்டாருக்குக் கொடுத்தபடி என் மச்சாள்.

மச்சாள் என்றால் என் அம்மாவின் அண்ணனுடைய மகள். ஒரே வளவுக்குள் வளர்ந்தவர்கள் நாங்கள், ஏறக்குறைய ஒரே வயது. கிணற்றுக்கட்டில் வழுக்கி விழுந்து முதுகெலும்பு அடிபட்டதற்குப் பிறகு அவளுடைய கால்கள் நின்றுபோயின. மற்ற எல்லாம் முன்னரைவிட வேகமாக ஓடத் தொடங்கின. பாலையூற்றில் வீட்டு முன்னறையில் கணினியைத் திறந்துவைத்துக்கொண்டு உயர்தர வகுப்புப் பிள்ளைகளுக்குப் பௌதிகவியல் படிப்பிப்பாள். நான் அந்த வீட்டுக்குப் போனால் ஓரிடத்தில் இருக்கமாட்டேன். முன்னறையிலிருந்து குசினிக்கு, குசினியிலிருந்து கிணற்றடிக்கு, திரும்ப முன்னறைக்கு.

"எனக்கு நிக்க ஏலாது, உனக்கு இருக்க ஏலாது," என்பாள். "எங்கள் ரெண்டு பேரையும் சேர்த்துப் பிசைஞ்சு ஒரு ஒழுங்கான மனிசரைச் செய்திருக்கலாம், மச்சான்."

ஒரு நாள் அந்த வீட்டுக்கு மோட்டார் பூட்டிய சக்கரக் கதிரை ஒன்று வந்து சேர்ந்தது. வெளிநாட்டில் யாரோ பாவித்துக் கழித்த பழையது. கைப்பிடியில் ஒரு சின்னத் தடி. தடியை முன்னுக்குத் தள்ளினால் கதிரை முன்னுக்குப் போகும், விட்டால் நிற்கும். அவ்வளவுதான் அதன் இலக்கணம். இரண்டு நாளில் பாலையூற்று ஒழுங்கைகளிலுள்ள நாய்களெல்லாம் குரைப்பதை நிறுத்திவிட்டு அவளுக்கு வழிவிடப் பழகிக்கொண்டன. அதற்குப் பிறகுதான் அவள் மலையைப் பற்றிக் கதைக்கத் தொடங்கினாள்.

கோட்டைக்குள்ளால் ஏறிப் போகும் கோணேசர் மலையை அவள் விட்டு நெடுங்காலம். விட்டதற்கு ஒரு காரணம் இருந்தது. அவளுடைய அண்ணன் துறைமுகத்தில் பாரந்தூக்கி இயக்கி ஓய்வுபெற்றவர். எதையும் தூக்கினால்தான் நகரும் என்று நம்புகிறவர். நான் அவரை அத்தான் என்பேன். திருவிழாக் காலங்களில் அத்தான் நாலு பேரைச் சேர்த்துக்கொண்டு பழைய கதிரையோடு அவளைத் தூக்கி ஏற்றுவார். நானும் ஒரு பக்கம் பிடித்திருக்கிறேன். மேலே போனதும் மூச்சு வாங்க, நிழல் பார்த்து, கடைகளுக்குப் பக்கத்தில் இறக்கி வைப்போம். அவள் கடலைப் பார்க்கத்தான் வந்திருப்பாள். முகமோ வளையல் கடையைப் பார்த்தபடி இருக்கும். வியர்த்து விறுவிறுத்து நிற்கிற ஆட்களிடம் "இன்னும் கொஞ்சம் தள்ளி அந்த மதிலடியில வையுங்கோ, கொஞ்சம் திருப்பியும் விடுங்கோ" என்று எப்படிக் கேட்பது? கேட்காமல் வளையல்களைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு வருவாள்.

"சாமி வீதியுலாப் போற மாதிரி எண்டு எல்லாரும் சொல்லுறாங்கள்," என்றாள் ஒருமுறை. "பாவம், சாமிக்கும் இதே கரைச்சல்தான் போல. எங்க நிக்கிறது, எந்தப் பக்கம் பாக்கிறது எண்டெல்லாம் தூக்கிறவன்தான் முடிவெடுக்கிறான்."

இப்போது அவளுக்கு வேண்டியது இதுதான்: ஒருவருடைய கையும் படாமல் மேலே போவது. மேலே, படிகள் தொடங்குவதற்கு முன்னால், கடலுக்கு மேலாக ஒரு மதில் இருக்கிறது. அந்த மதிலடிக்குப் போய், தனக்கு விருப்பமான பக்கம் கதிரையைத் திருப்பி நிறுத்துவது. படிக்கு மேலே போக ஏலாதே என்று யாரோ சொன்னதற்கு, "சாமி மேல இருக்கட்டும், எனக்குக் காத்து மட்டும் காணும்" என்றாள்.

அத்தான் பயந்தார். பயத்தை அவர் கோபமாகத்தான் வெளியே விடுவார். "நடு ஏத்தத்தில நிண்டால்? சனத்துக்கு நடுவில? கடைசியில நாங்கள்தான் தூக்கவேணும். அப்பிடி ஒருக்கா நடந்தால் பிறகு இந்த மோட்டார்க் கதை கதைக்கப்படாது. வளவுக்குள்ள மட்டும்தான் ஓட்டம். சம்மதமோ?"

"சம்மதம்," என்றாள் மச்சாள், யோசிக்காமல். அத்தான் உள்ளே போனதும் என் பக்கம் திரும்பி மெதுவாகச் சொன்னாள்: "மச்சான், இது எவ்வளவு கரண்ட் இழுக்கும் எண்டு எனக்குத் தெரியாது."

சிக்கல் அங்கேதான். மோட்டாரின் மேல் ஒட்டியிருக்க வேண்டிய தகடு எங்கேயோ உரிந்து போயிருந்தது. இருபத்துநாலு வோல்ற்றுப் பற்றரி என்பது தெரியும். பதினைந்து அம்பியர் பியூஸ் ஒன்று இருக்கையின் கீழே இருப்பதும் தெரியும். ஏத்தத்தில் மோட்டார் அதற்கு மேல் இழுத்தால் பியூஸ் எரியும், கதிரை நிற்கும், அத்தான் வெல்லுவார். கையிலிருந்த மீற்றர் சின்னது. பத்து அம்பியருக்கு மேல் தாங்காது. அதையும் அவள் போன கிழமை எதிலோ வைத்து எரித்துவிட்டிருந்தாள்.

"பெரிய பியூஸ் ஒண்டு வாங்கிப் போடுவமே?" என்றேன்.

"வயர் உருகட்டும் எண்டோ? உனக்கு விசரே? பியூஸ் போறது எனக்குக் கீழ நெருப்புப் பிடிக்காமல் இருக்க."

பிறகு, எனக்கு விளங்கட்டும் என்று, மேசைக் காற்றாடி ஒன்றைத் தட்டிவிட்டபடி சொன்னாள். மோட்டார் சும்மா சுத்தும்போது ஒரு சொட்டுத்தான் குடிக்கும். வேலை கொடுக்கக் கொடுக்கக் கூடக் குடிக்கும். ஆகக் கூடக் குடிக்கிறது எப்போது தெரியுமா? கரண்டும் கொடுத்து, சுத்த ஏலாமல் யாராவது பிடித்து வைத்திருக்கும்போது. அசையாமல் நிற்கிற மோட்டார்தான் எல்லாவற்றையும்விடக் கூட இழுக்கும். ஓடத் தொடங்கினால் தணிந்துவிடும்.

நான் அந்த நேரம் அறைக்குள் எத்தனையாவது தடவையோ குறுக்கே நடந்துகொண்டிருந்தேன். சட்டென்று நின்றேன். என்னைப் பற்றி இவ்வளவு சரியாக யாரும் சொன்னதில்லை. அவளோ மோட்டாரைப் பற்றித்தான் சொல்லிக்கொண்டிருந்தாள்.

"நிக்காதை," என்றாள். "நடக்கிற ஆள் ஒராள் எனக்கு வேணும்."

அப்படித்தான் ஒரு மீற்றர் நீளப் பலகையையும் பாதி தண்ணீர் விட்ட போத்தல் ஒன்றையும் தூக்கிக்கொண்டு நான் மலை வீதிக்குப் போனேன். மிகச் செங்குத்தாக ஏறும் இடத்தில் பலகையை வைத்து, அதன் மேல் போத்தலைக் கிடத்தி, தண்ணீர் மட்டமாக நிற்கும்வரை பலகையின் கீழ்முனையை உயர்த்தி, எவ்வளவு உயர்த்தினேன் என்று அளக்கவேண்டும். குனிந்து, முழங்காலில் நின்று, பிறகு நெஞ்சு தார் வீதியில் படப் படுத்துக் கண்ணால் மட்டம் பார்த்தேன். கோட்டை மான்கள் கூடிவிட்டன. தரைக்கு இறங்குகிற மனிதன் சாப்பாடு வைக்கத்தான் இறங்குகிறான் என்பது அவற்றின் அனுபவம். ஒரு கிளைக்கொம்பன் போத்தலை முகர்ந்து பார்த்துவிட்டு என் காதை முகர்ந்தது. கோயிலுக்கு வந்த கிழவர் ஒருவர் பக்கத்தில் நின்று, "தம்பி, இப்பிடிக் கும்பிடுறது எந்த ஊர் வழக்கம்?" என்று உண்மையான மரியாதையோடு கேட்டார்.

பதினைந்து சென்ரிமீற்றர். தொலைபேசியில் சொன்னேன்.

"அவ்வளவுதானே! உவர்மலையில அப்பிடி ஒரு ஏத்தம் இருக்கு. நாளைக்கு அங்க வா. வரேக்க ஒரு மீன் தராசும் கொண்டா."

நிலாவெளியில் கரைவலை மீனை நிறுத்து வாங்கும் அயல்வீட்டு வியாபாரியிடம் தொங்கு தராசை இரவல் கேட்டேன். வட்ட முகம், ஒரு முள், கீழே ஒரு கொளுக்கி. என்ன மீன் என்று கேட்டார். மீன் இல்லை, மச்சாள் என்றேன். தராசைக் கழற்றிக் கையில் தந்தார். "கழுவிக் கொண்டந்து தாங்கோ," என்று மட்டும் சொன்னார்.

உவர்மலை வீதியில் அவள் கதிரையின் மோட்டாரைச் சில்லிலிருந்து விடுவித்தாள். இப்போது அது வெறும் உருளும் கதிரை. முன்னால் கயிறு, கயிற்றில் தராசின் கொளுக்கி, தராசின் மறுமுனையில் நான். தராசின் முகம் அவள் பக்கம். நான் ஏத்தத்தில் இழுக்க, அவள் முள்ளைப் பார்த்து வாசிப்பாள். கயிற்றை இழுக்கிற பாரம் தெரிந்தால் மோட்டார் தள்ள வேண்டிய பாரம் தெரியும், அதிலிருந்து கரண்டுக்குப் போகலாம் என்பது அவளுடைய வழி. எங்களுக்குக் கீழே உள்துறைமுகம் பச்சையும் நீலமுமாக விரிந்து கிடந்தது. கப்பல்கள் அசையாமல் நின்றன. இரண்டு காகங்கள் தராசின் மணத்துக்கு நிலாவெளியிலிருந்தே பின்தொடர்ந்து வந்தன போல மதிலில் இருந்தன.

"ஆடாமல் இழு! கவிதை எழுதிற மாதிரி விட்டு விட்டு இழுக்காதை, முள்ளு குதிக்குது. ஒரே சீரா… ஆ, அப்பிடித்தான். விட்டிடாதை மச்சான், விட்டியெண்டால் நான் கீழ துறைமுகத்தில கப்பலோட கப்பலா நிப்பன்."

குடை பிடித்துக்கொண்டு இறங்கி வந்த அவளுடைய பழைய சக ஆசிரியை ஒருவர் அப்படியே நின்றுவிட்டார். "என்ன ரீச்சர், உங்களை நிறுத்து விக்கப் போறாரோ?"

"ஓம் ரீச்சர். ஆனா எடுக்க ஆளில்லை. முள்ளுக் கூட எண்டுறாங்கள்."

சிரிப்பில் எனக்குக் கை தளர்ந்தது, முள் எட்டுக்கு இறங்கிப் பதறிக்கொண்டு மேலே போனது. மூன்று தடவை இழுத்தோம். மூன்று தடவையும் பதினெட்டுக் கிலோவைச் சுற்றியே முள் நின்றது. அவள் கண்ணை மூடிக்கொண்டாள். உதடு மட்டும் அசைந்தது. பதினெட்டுக் கிலோ இழுவை, நடைவேகம், அதற்கு இவ்வளவு சக்தி. பற்றரியிலிருந்து போவதில் பத்துக்கு ஆறு பங்குதான் சில்லுக்கு வரும், மற்றதை மோட்டாரும் பல்லுச்சில்லும் சூடாகத் தின்னும். இருபத்துநாலு வோல்ற்றால் பிரித்தால்…

"பன்னிரண்டு அம்பியர். சொட்டுக் கூட."

"அந்த ஆறு பங்கு எண்டது ஊகம்தானே?"

"ஓம், ஊகம்தான். ஆனா ஊகம் எண்டால் கண்ணை மூடிக்கொண்டு சொல்லுறது இல்லை. எவ்வளவு பிழைக்கலாம் எண்டதையும் சேர்த்துச் சொல்லுறதுதான் ஊகம். பதினொண்டிலயிருந்து பதின்மூண்டுக்குள்ள. தங்கச்சியின்ர குட்டிப் பிள்ளை எப்பிடியும் என்ர மடியில ஏறும், அவளுக்கு ஒண்டரை அம்பியர் வையன். அப்பவும் பதினைஞ்சுக்குள்ளதான்." கண்ணைத் திறந்தாள். துறைமுகம் முழுவதும் அந்தக் கண்ணுக்குள் இருந்தது. "மச்சான், நான் மேல போகலாம்!"

வெறும் எண்தான். நான் எத்தனையோ சொற்களை அடுக்கியிருக்கிறேன், ஒருவருடைய முகத்தை ஒன்றாலும் அப்படி ஆக்கியதில்லை.

குறித்த நாள் காலையில் கட்டைபறிச்சானிலிருந்து அவளுடைய தங்கச்சி குடும்பத்தோடு வந்து இறங்கினாள். எங்கள் ஆட்களுக்கு மலைக்குப் போவதென்றால் சும்மா போக ஏலாது. யாருக்காவது ஒரு நேர்த்திக்கடன் இருக்கும். தங்கச்சியின் நேர்த்தி தேங்காய். தங்கள் தோட்டத்துத் தேங்காய் ஒரு சாக்கு, இரண்டு சீப்பு வாழைப்பழம், ஒரு பூக்கூடை, குழந்தை. எல்லாரும் கோட்டை வாசலில் கூடினோம். மச்சாள் பாலையூற்றிலிருந்து தானே ஓட்டிக்கொண்டு வந்து முதலாவதாக நின்றாள், பச்சைச் சேலை, தலையில் மல்லிகை. மெதுவாக எனக்கு இருக்கையின் பக்கவாட்டைத் தட்டிக் காட்டினாள். அங்கே மேலதிகமாக ஒரு பியூஸ் வைத்திருந்தாள். ஒன்றே ஒன்று.

நாங்கள் நடக்கத் தொடங்கினோம். அவள் எங்களோடு நடந்தாள் என்றுதான் எழுதத் தோன்றுகிறது. மரநிழல் வீதியில் மோட்டார் பாடிக்கொண்டு போனது. குழந்தை சொன்னபடியே மடியில் ஏறிக்கொண்டது. அத்தான் சட்டைக் கையை மடித்துவிட்டு, தூக்குவதற்கு ஆயத்தமாக, நாலு அடி பின்னால் வந்தார். ஏத்தம் தொடங்கியது. முதல் வளைவு. இரண்டாவது. மோட்டாரின் குரல் இறங்கியது. இன்னும் இறங்கியது. இறங்க வேண்டியதைவிடக் கூட இறங்கியது. மச்சாளின் தலை ஒரு பக்கம் சாய்ந்தது, காது கொடுத்து.

"மச்சான், எனக்குப் பின்னால என்ன இருக்கு?"

"சனம்."

"சனத்துக்கு முன்னால?"

அப்போதுதான் பார்த்தேன். இருக்கைக்குப் பின்னாலுள்ள தட்டில், அவளுக்குத் தெரியாத இடத்தில், தேங்காய்ச் சாக்கு முழுதாக உட்கார்ந்திருந்தது. அதன் மேல் வாழைச் சீப்புகள். பின்பக்கக் கைப்பிடியில் பூக்கூடை. கீழே ஒரு பையில் எல்லாருடைய தண்ணீர்ப் போத்தல்களும். கோட்டை வாசலிலிருந்து ஒவ்வொருவராக, யாரும் யாரையும் கேட்காமல், ஏற்றிவிட்டிருந்தார்கள். சுமை தூக்கிக்கொண்டு நடக்கிறவர்களுக்குப் பக்கத்தில் மோட்டார் பூட்டிய ஒரு வாகனம் போனால் எங்கள் ஊரில் வேறு என்ன நடக்கும்?

"தேங்காய்," என்றேன்.

"எவ்வளவு தேங்காய்?"

"அக்கா, ஒரு சாக்குத்தான்," என்றாள் தங்கச்சி அப்பாவியாக. "நீங்கள் கரண்டிலதானே போறீங்கள்."

மச்சாள் வாயைத் திறப்பதற்குள் ஒரு மான் வாழைப்பழ மணத்தைப் பிடித்துக்கொண்டு வீதியின் நடுவில் வந்து நின்றது. மச்சாள் தடியை விட்டாள். கதிரை நின்றது. மிகச் செங்குத்தான இடம் அதுதான், நான் நெஞ்சுபடப் படுத்த அதே இடம். மானை விரட்டினோம். அவள் தடியைத் தள்ளினாள். மோட்டார் "ம்ம்" என்று ஒரு தடவை சொன்னது. இருக்கைக்குக் கீழே மெல்லிய ஒரு சத்தம். பிறகு ஒன்றுமில்லை.

மின்சாரம் போனால் அந்தக் கதிரை தானாகப் பூட்டிக்கொள்ளும், உருளாது. ஆனால் அதை யாரும் யோசிக்கவில்லை. எல்லாக் கைகளும் நீண்டன. அத்தானுடைய கை முதலில். முன்பின் தெரியாத யாத்திரிகர்களுடைய கைகளும்.

"தொடாதேங்கோ!" அவ்வளவு சத்தமாக அவள் கத்தி நான் கேட்டதில்லை. "அண்ணா, கையை எடுங்கோ. ஒருத்தரும் தொடாதேங்கோ. ஒரு நிமிசம் தாங்கோ எனக்கு."

"நான் சொன்னனான்," என்றார் அத்தான். வெற்றி இல்லை அவருடைய குரலில், பயம்தான் இருந்தது. "நான் அப்பவே சொன்னனான்."

"நீங்கள் சொன்னது மோட்டாரைப் பற்றி. இது தேங்காயைப் பற்றி," என்றாள். "முதல்ல சாக்கை இறக்குங்கோ."

சாக்கு, சீப்பு, கூடை, போத்தல் எல்லாம் இறக்கினோம். ஆனால் அந்த ஏத்தத்தில் அந்தச் சாக்கை யார் சுமப்பது? ஆண்கள் ஒருவரையொருவர் பார்த்தோம். மச்சாள் வீதியைப் பார்த்தாள். ஏறி வந்துகொண்டிருந்த சனத்தைப் பார்த்தாள். "ஆளுக்கு ஒண்டு கொடு," என்றாள் தங்கச்சியிடம்.

"ஆருக்கு?"

"போற ஆக்களுக்கு. மேல மதிலடியில வாங்கிக்கொள்ளுவம்."

"அக்கா! நேர்த்தித் தேங்காய்! ஆரோ எவரோ தூக்கிக்கொண்டு போனால் நேர்த்தி ஆருக்குச் சேரும்?"

"கட்டைபறிச்சான் தேங்காயைக் கண்டால் கோணேசருக்குத் தெரியாதே? கொடு."

கொடுத்தோம். மட்டக்களப்புப் பக்கத்திலிருந்து வந்த ஒரு பெரிய குடும்பம் எடுத்தது. வெள்ளை உடுத்து வந்த சிங்களப் பெண்கள் என்ன ஏதென்று கேட்காமல் இரண்டு கையாலும் வாங்கி நெற்றியில் ஒற்றிக்கொண்டார்கள். கல்யாணம் முடித்த புதுசில் வந்திருந்த ஒரு சோடி ஆளுக்கொன்றை ஏந்திக்கொண்டு, படமும் எடுத்துக்கொண்டு போனது. சாக்கு வெறுமையாகி என் தோளில் துவாய் போலக் கிடந்தது. எனக்கோ சந்தோசம் தாங்கவில்லை. மலை முழுவதும் தேங்காய்கள் மேலே நடந்துகொண்டிருந்தன.

மச்சாள் கடைசிப் பியூஸைச் செருகினாள். பிறகு கதிரையைத் திருப்பினாள். கீழ்ப்பக்கமாக. மெல்ல இறங்கத் தொடங்கினாள்.

தங்கச்சி சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டாள். "சரி, சரி, போகட்டும், விடுங்கோ," என்றார் அத்தான் யாரையும் பார்க்காமல். அவர் தோற்றிருந்தால்கூட அந்த முகம் அப்படி இருந்திராது. மடியிலிருந்த குழந்தை மட்டும் எங்களுக்குக் கையசைத்துக்கொண்டு இறங்கிப் போனது.

கீழ் வளைவில், வீதி கொஞ்சம் மட்டமாகும் இடத்தில், அவள் நிறுத்தித் திரும்பினாள். அங்கிருந்து கத்தினாள். "என்ன பாத்துக்கொண்டு நிக்கிறியள்? நிண்ட இடத்திலயிருந்து தொடங்கினால் இது எரியும். ஓடி வந்தால் எரியாது. வழியை விடுங்கோ! அந்த மானைப் பிடியுங்கோ!"

அத்தானை நான் அப்படி ஓடிப் பார்த்ததில்லை. சாக்கின் மேலிருந்து எடுத்து வைத்திருந்த வாழைச் சீப்பு ஒன்றைத் தூக்கிக்கொண்டு, வீதி ஓரமாக, "இஞ்ச வா, இஞ்ச வா ராசா" என்று மானைக் கூப்பிட்டுக்கொண்டு ஓடினார். ஒரு மானைக் கூப்பிட்டதற்கு ஐந்து மான் வந்தன. ஐந்தும் அவரைச் சுற்றிக்கொண்டன. பழத்தை உயர்த்திப் பிடித்தபடி, சாரத்தை மற்றக் கையால் பிடித்தபடி, "வாடி, வா, நிப்பாட்டாமல் வா!" என்று அங்கிருந்து மச்சாளுக்குக் குரல் கொடுத்தார்.

அவள் வந்தாள். மட்டத்தில் மோட்டார் உச்சத்தைப் பிடித்தது. ஏத்தம் தொட்டதும் இறங்கியது. இறங்கி, இறங்கி, ஓரிடத்தில் நின்றது, அதற்குக் கீழே போகவில்லை. அந்த இடத்தையே பிடித்துக்கொண்டு ஏறியது. நாங்கள் இரண்டு பக்கமும் ஓடினோம். கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு ஓடினோம், ஆசை தாங்காமல் பட்டுவிடக்கூடாது என்று. அவள் எங்களைப் பார்க்கவில்லை. காதுதான் கண். செங்குத்தான இடம் வந்தது, போனது. வளையல் கடைகள் வந்தன. கடைக்காரர்கள் எழுந்து நின்றார்கள். கதிரை அங்கே நிற்கவில்லை.

மதிலடியில் போய் நிறுத்தினாள். கடலைப் பார்க்கத் திருப்பினாள். பிறகு கொஞ்சம் வடக்கே திருப்பினாள். பிறகு கொஞ்சம் தெற்கே. காற்று மல்லிகையைப் பிய்த்துக் கொண்டுபோனது. மோட்டாரிலிருந்து சூடான செம்பும் தூசியும் கலந்த மணம் வந்தது. குனிந்து அதைத் தொட்டுப் பார்த்து, "நல்லாச் சுடுது. பதினாலுக்குக் கிட்டப் போயிருக்கும். நான் ஒண்டரை சொன்னனான், குட்டி நல்லாச் சாப்பிட்டிருக்கு," என்றாள். சொல்லி முடிப்பதற்குள் அழுதாள். அழுதுகொண்டே சிரித்தாள். அத்தான் பக்கத்தில் வந்து நின்றார். தொடுவதற்குக் கை எடுத்தார், நிறுத்திக்கொண்டார்.

"இப்ப தொடலாம் அண்ணா," என்றாள். "இனித் தொட்டால் கணக்குப் பிழைக்காது."

அவளுடைய தலையில் கை வைத்தார். நெடுநேரம் எடுக்கவில்லை.

தேங்காய்கள் வந்து சேர்ந்துகொண்டிருந்தன. ஒவ்வொருவரும் தேடி வந்து கொடுத்தார்கள். தங்கச்சி எண்ணிப் பார்த்துத் திகைத்தாள். ஒன்று கூடுதலாக இருந்தது. யாரோ தங்களுடையதையும் சேர்த்துக் கொடுத்துவிட்டார்கள். எந்தத் தேங்காய் எவருடையது என்று பிரிக்க ஏலாமல் எல்லாவற்றையும் அடித்தோம்.

இறங்கும்போது வெயில் சாய்ந்திருந்தது. கோட்டை வாசலடியில் எல்லாரும் நின்றோம். அத்தான் வாடகை வான் ஒன்றுக்குச் சொல்லியிருந்தார், கதிரையை ஏற்றப் பலகையும் கொண்டுவரச் சொல்லி. வான் வந்தபாடில்லை. தொலைபேசியில் சாரதி "இந்தா வந்திட்டன்" என்று சொல்லிக்கொண்டே இருந்தான். நான் நிலாவெளி பஸ்ஸுக்குப் போகவேண்டும், போக மனமில்லாமல் அங்கும் இங்கும் நடந்துகொண்டிருந்தேன். மச்சாள் குழந்தையைத் தங்கச்சியிடம் இறக்கிவிட்டாள். கடற்கரைப் பக்கமாகக் கதிரையைத் திருப்பினாள்.

"எங்க?" என்றார் அத்தான். "வான் வருது. பாலையூற்றுக்கு அவ்வளவு தூரம் பற்றரி காணுமோ?"

"காணும், நான் பாத்திட்டன். மட்டமான வீதி, மடியில ஆளில்லை, பின்னால தேங்காயில்லை." தடியில் விரல் வைத்தாள். என்னைப் பார்த்து ஒரு சிரிப்பு, பிறகு எல்லாரையும் பார்த்து. "நீங்கள் வானுக்குக் காத்துக்கொண்டு நில்லுங்கோ. எனக்குக் கடற்கரையில ஒரு சுத்துச் சுத்தவேணும். நான் போயிட்டு வாறன்."